ஊவாக் காற்றும் இயந்திரத்தின் மூச்சும்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் ஊவா மலைகளிலே ஒரு காற்று வீசத் தொடங்கும். மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, மலைத்தொடரின் முதுகைத் தாண்டி, ஈரமெல்லாம் இழந்து வறண்டு இறங்குகின்ற காற்று அது. அந்தக் காற்றுப் பட்ட கொழுந்திலிருந்துதான் ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலான ஊவாப் பருவத் தேயிலை உண்டாகிறது. அதன் மணத்திற்கு உலகச் சந்தையில் தனி விலை உண்டு. ஆனால் மணத்தைத் தரும் காற்றே மண்ணையும் தருகிறது. பூனாகலை முதலிய தோட்டங்களின் உட்பாதைகளில் அப்பருவத்திலே ஒரு லொறி ஏறிச் சென்றால், அது போன வழியை அரை நாழிகைக்குப் பின்னும் செம்புழுதி காட்டிக்கொடுக்கும். ஆண்டிலே மிகச் சிறந்த கொழுந்தைச் சுமக்க வேண்டிய காலமும், மிகக் கொடிய தூசியைக் குடிக்க வேண்டிய காலமும் அந்த லொறிக்கு ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

"குடிப்பது" என்று சொன்னேன். "மூச்சு வாங்குவது" என்பதே பொருந்தும். மோட்டார் வண்டி பெற்றோலினால் ஓடுகிறது என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அதுவோ பாதி உண்மைதான். நிறை கணக்கிலே பார்த்தால் 1 பங்கு பெற்றோல் செம்மையாக எரிவதற்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். கொள்ளளவிலே பார்த்தால் கடலோரத்தில் 1 லீற்றர் பெற்றோலுக்கு 9,000 லீற்றர் காற்றும், காற்று மெலிந்த நமது மலைநாட்டிலே ஏறக்குறைய 10,000 லீற்றர் காற்றும் வேண்டும். இந்தக் கணக்கைத் தோட்டத்து அளவிலே சொல்லிப் பார்ப்போம். 10 அடிக்கு 12 அடி என்ற பழைய லயக் காம்பரா ஒன்றின் உயரம் 9 அடி என்று வைத்துக்கொண்டால், அதனுள் அடங்கும் காற்று சுமார் 30,000 லீற்றர். அதாவது 3 லீற்றர் பெற்றோலை எரிப்பதற்குள், ஒரு குடும்பம் குடியிருக்கும் காம்பராவின் காற்று முழுவதையும் இயந்திரம் உறிஞ்சிவிடுகிறது. அவ்வளவு காற்றோடும் எவ்வளவு மண் உள்ளே போகும் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

அந்த மண்ணைத் தடுக்கும் காவற்காரனே, கராஜ்களில் 'எயார் கிளீனர்' என்றும் 'எயார் பில்ற்றர்' என்றும் வழங்குகின்ற காற்றுவடிகட்டி. காவற்காரன் கண்டிப்பானவனாக இருந்தால் கள்வன் நுழையமாட்டான். ஆனால் வர வேண்டிய விருந்தாளியும் வாசலில் காத்து நிற்க நேரும். காவலைத் தளர்த்தினால் விருந்தாளி விரைந்து வருவான். கள்வனும் கூடவே வருவான். காற்றுவடிகட்டியின் வரலாறு முழுவதும் இந்த இரண்டு கவலைகளுக்கிடையே நடந்த பேரம் என்றே சொல்லலாம். அந்த வரலாற்றைத்தான் இன்று சுருக்கமாகப் பார்க்கப்போகிறோம்.

ஆதியிலே மோட்டார் வண்டிகளுக்குக் காற்றுவடிகட்டி இருக்கவில்லை. 1908ஆம் ஆண்டு முதல் 1927ஆம் ஆண்டு வரை கோடிக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் வெளிவந்த போர்டு 'மொடல் ரீ' வண்டி, திறந்த வாயோடு காற்றை அப்படியே உள்ளே இழுத்தது. தெருவிலே இருந்த மண் நேரே சிலிண்டருக்குள் சென்றது. மண் என்றால் வெறும் அழுக்கு அன்று. ஊவா மலைகளின் பாறைகளிலும் அவை உதிர்ந்துண்டான மண்ணிலும் படிகக்கல்லின் துகள்கள் நிறைய உண்டு. படிகக்கல் சாதாரண உருக்கினும் வார்ப்பிரும்பினும் கடினமானது. கண்ணுக்குப் புலப்படாத அந்தத் துகள்கள் பிஸ்டன் வளையத்திற்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடையிலுள்ள எண்ணெய்ப் படலத்தில் கலந்துவிட்டால், அம்மிக் கல்லில் அரைப்பது போல இரண்டையும் அரைத்துவிடும். மிகப் பெரிய துகள் இடுக்கினுள் நுழையாது. மிகச் சிறியது எண்ணெயோடு வழுக்கிப் போய்விடும். 5 முதல் 20 மைக்கிரோன் வரை பருமனுள்ள இடைத்தரத் துகளே பெரும் பகை. மனிதனுடைய தலைமயிரின் தடிப்போ இதைவிடப் பல மடங்கு பெரிது.

இந்தப் பகையை முதலில் உணர்ந்தவர் நகரத்துக் கார்க்காரர் அல்லர். வயலிலே டிராக்டர் ஓட்டிய உழவர். 1915ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த பிராங்க் டொனால்ட்சன் என்பவர் டிராக்டருக்கென ஒரு காற்றுவடிகட்டியை ஆக்கினார். அவர் டிராக்டர் விற்பனையில் ஈடுபட்டிருந்தவர். புழுதி நிலத்தில் உழுத இயந்திரம் விரைவிலே தேய்ந்துபோவதைக் கண்ட அநுபவமே அவரை அந்த வழியில் செலுத்தியது. வடிகட்டி பிறந்தது வேகத்திற்காக அன்று, ஆயுளுக்காகவே என்பதை நாம் இங்கே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

அதன் பின்னர் வந்த காலம் எண்ணெய்த் தொட்டி வடிகட்டியின் காலம். நமது மலைநாட்டுச் சாரதிமாருக்கு மிகவும் பழக்கமானது இதுவே. உள்ளே வரும் காற்று, ஒரு கிண்ணத்தில் நிற்கும் எண்ணெயின் மேற்பரப்பை நோக்கிப் பாய்ந்து, அங்கே சடுதியாக மேல்நோக்கித் திரும்புகிறது. காற்று திரும்பிவிடும், பாரமான மண் திரும்பமாட்டாமல் எண்ணெயில் விழுந்துவிடும். எஞ்சியது, எண்ணெய் தோய்ந்த கம்பி வலையிலே ஒட்டிக்கொள்ளும். போர்க்காலத்து வில்லிஸ் ஜீப், பேர்குசன் டிராக்டர், லாண்ட் ரோவர், ஃபோக்ஸ்வாகன் வண்டு ஆகிய எல்லாம் இவ்வகை வடிகட்டியையே தரித்திருந்தன. இதற்கு உதிரிப்பொருள் வேண்டியதில்லை. கிண்ணத்தைக் கழற்றி, அடியில் சேறாகப் படிந்த மண்ணை வழித்தெறிந்து, மண்ணெண்ணெயில் கழுவி, குறி வரை புதிய எண்ணெய் ஊற்றினால் போதும். கப்பல் வந்தாலும் வராவிட்டாலும் வேலை நடக்கும்.

அதற்கும் குறை உண்டு. காற்று வேகமாகத் திரும்பும்போதுதான் மண் எண்ணெயில் விழும். இயந்திரம் மெதுவாக ஓடும்போது காற்றின் வேகம் தளர்கிறது. மண்ணும் காற்றோடு சேர்ந்தே திரும்பிவிடுகிறது. மறுபுறம், காற்று வளைந்து நெளிந்து செல்வதால் விசையோடு ஓடும்போது மூச்சுத் தடையும் கூடுகிறது. எண்ணெயைக் குறிக்கு மேல் ஊற்றினால் எண்ணெயும் உறிஞ்சப்பட்டுப் புகை கக்கும். குறைத்து ஊற்றினால் மண் நேரே செல்லும்.

காவலுக்கும் வேகத்துக்கும் இடையிலான பேரம் உயிரோடு விளையாடும் பேரமாக மாறியது இரண்டாம் உலகப் போரிலே. வட ஆபிரிக்கப் பாலைவனத்திலும் மால்ட்டாவிலும் பறந்த பிரித்தானியப் போர் விமானங்களின் மூக்கின் கீழே 'வோக்ஸ்' என்னும் பெரிய வடிகட்டி பொருத்தப்பட்டது. மணலிலிருந்து அது இயந்திரத்தைக் காத்தது உண்மை. ஆனால் அதன் பருமனாலும் தடையாலும் ஸ்பிற்பயர் விமானம் வேகத்தையும் ஏறும் திறனையும் ஓரளவு இழந்தது. பகைவிமானத்தைத் துரத்தும் வீரனுக்கு அந்த இழப்பு சிறிதன்று. எகிப்திலுள்ள அபூகீர் பட்டறையில் இருந்தவர்கள் அதிலும் சிறிய, நெறிப்பான வடிகட்டி ஒன்றைத் தாமே வடிவமைத்துப் பொருத்தினர். அது அபூகீர் வடிகட்டி என்றே பெயர் பெற்றது. வடிகட்டியைக் கழற்றி எறிவது அறிவன்று, அதைத் திருத்தியமைப்பதே அறிவு என்பதை அந்தப் பட்டறை காட்டிற்று.

போருக்குப் பின்னர், 1950களிலே, கடதாசி வடிகட்டி பரவத் தொடங்கியது. விசிறி போல மடித்து மடித்து வைத்த கடதாசி, சிறிய இடத்திலே பெரும் பரப்பைக் கொடுக்கிறது. காற்று பரந்து மெதுவாக ஊடுருவுவதால் தடை குறைவு. தூசியில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை அது பிடித்துவிடும். அதிலும் ஒரு விந்தை உண்டு: கொஞ்சம் தூசி படிந்த கடதாசி, புதிய கடதாசியைவிடச் செம்மையாக வடிகட்டும். படிந்த தூசியே இன்னொரு வடிகட்டியாக வேலை செய்கிறது. ஆனால் படிவு மிகும்போது மூச்சு முட்டத் தொடங்கும்.

நேயர்களே, இந்தக் கட்டத்திலேதான் அமெரிக்காவிலே 'மஸில் கார்' என்று பெயர் பெற்ற பெருவலுக் கார்கள் தோன்றின. நடுத்தரக் காரின் உடலிலே மிகப் பெரிய இயந்திரத்தை அமர்த்துவது அவற்றின் இரகசியம். 1964ஆம் ஆண்டுக்கு வெளிவந்த பொன்ரியாக் 'ஜீ.ரி.ஓ.' வண்டியின் இயந்திரம் 389 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 6.4 லீற்றர். மூன்று காபுரேற்றர்கள் பொருத்தியபோது அதன் வலு 348 பரிவலு என்று விளம்பரம் செய்தனர். சில ஆண்டுகளில் 7 லீற்றரும் 7.4 லீற்றரும் வந்துவிட்டன. 7.4 லீற்றர் இயந்திரம் நிமிடத்திற்கு 5,000 முறை சுழலும்போது, நிமிடமொன்றிற்குச் சுமார் 15,000 லீற்றர் காற்றை இழுக்கும். நமது பழைய லயக் காம்பராவை இரண்டே நிமிடத்தில் வெறுமையாக்கிவிடும்! இந்நாட்டுத் தெருக்களில் ஒரு காலத்தில் எங்கும் காணப்பட்ட 948 கன சென்ரிமீற்றர் மொறிஸ் மைனர், 4,000 சுழற்சியில் அதே காம்பராவைக் காலியாக்க ஏறக்குறைய 20 நிமிடம் எடுக்கும்.

இவ்வளவு பெரிய மூச்சுக்குச் சிறிய மூக்குப் போதாது. ஆகவே அமெரிக்கப் பொறியியலாளர் மூக்கைப் பெருப்பித்தனர். சாதாரண வண்டியில் வடிகட்டிப் பெட்டியிலிருந்து ஒரே ஒரு குழல் நீளும். விசை வண்டிகளில் இரண்டு குழல்கள் நீண்டன. சிலவற்றில் பெட்டியின் சுற்றுச் சுவரே நீக்கப்பட்டு, கடதாசி வளையம் முழுவதும் வெளியே தெரிந்தது. 1965ஆம் ஆண்டிலே பொன்ரியாக் நிறுவனம், இயந்திர மூடியிலுள்ள வாயின் வழியாக வெளிக்காற்றை நேரே காபுரேற்றருக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாட்டைச் செய்தது. 1969ஆம் ஆண்டிலே போர்டு மஸ்டாங்கில், இயந்திரத்தோடு பொருத்திய காற்றுவாய் மூடியைத் துளைத்துக்கொண்டு மேலே நின்று நடுங்கியது. அந்த நடுக்கத்தாலேயே அதற்கு 'ஷேக்கர்' என்று பெயர் வந்தது. 1970ஆம் ஆண்டின் செவர்லே செவெல், முன்கண்ணாடியின் அடியிலே காற்றமுக்கம் கூடுதலாக இருக்கும் இடத்திலிருந்து காற்றை எடுத்தது.

இவையெல்லாம் எதற்காக? காற்றைத் தடையின்றிப் பெறுவதற்காக மட்டும் அன்று. குளிர்ந்த காற்றைப் பெறுவதற்காகவுமே. வெப்பமடைந்த காற்று விரிந்து மெலியும். 10 பாகை சென்ரிகிரேட் வெப்பம் கூடினால் காற்றின் அடர்த்தி நூற்றுக்கு 3 பங்கு குறையும். மூடியின் கீழே இயந்திரத்தின் அனலில் கொதிக்கும் காற்று வெளிக்காற்றைவிட 30 பாகை கூடியதாக இருப்பது சாதாரணம். தடையற்ற வடிகட்டியைப் பொருத்தி அந்த அனற் காற்றை இழுக்கவிட்டால், ஒரு கையால் பெற்றதை மறு கையால் இழந்தவராவோம். வடிகட்டிப் பெட்டியின் மேல்மூடியைக் கவிழ்த்து வைத்து ஓட்டுவது அக்கால இளைஞரிடையே ஒரு வழக்கமாக இருந்தது. மூடியைக் கவிழ்த்ததும் இயந்திரத்தின் உறுமல் பெருகும். வலு பெருகியது என்று மனம் நம்பிவிடும். உண்மையில் பெருகியதில் பெரும் பங்கு ஓசையே.

விளம்பரத்திலும் இத்தகைய உறுமல் இருந்தது. அக்காலத்துப் பரிவலுக் கணக்கு, வண்டியிலே பூட்டிய நிலையில் எடுத்த கணக்கு அன்று. புகைக்குழாய், விசிறி முதலான துணைக்கருவிகளின் சுமையை நீக்கி, பல வேளைகளில் காற்றுவடிகட்டியையும் கழற்றிவிட்டு, மேசை மீது வைத்து அளந்த கணக்கு அது. 1971ஆம் ஆண்டிலே செவர்லே கொர்வெற் வண்டியின் 454 கன அங்குல இயந்திரம் ஒன்றுக்கு இரண்டு எண்களும் கொடுக்கப்பட்டன. வெறும் இயந்திரமாக அளந்தபோது 365 பரிவலு. வண்டியிலுள்ள கோலத்தில் அளந்தபோது 285 பரிவலு. இடையிலுள்ள 80 பரிவலுவும் வடிகட்டி தின்றது என்று எண்ணலாகாது. அதிலே புகைக்குழாய்க்கும் விசிறிக்கும் பெரும் பங்குண்டு. 1972ஆம் ஆண்டு முதல் இரண்டாம் கணக்கே வழக்கமாயிற்று.

வடிகட்டி தின்பதுதான் எவ்வளவு? இதை அறிய நாம் மீண்டும் மலைநாட்டுக்கு வருவோம்.

கடலோரத்திலே காற்று தன் அமுக்கத்தினால் 1,033 சென்ரிமீற்றர் உயரத்திற்கு நீரைத் தாங்கி நிற்கும். பண்டாரவளையை ஒத்த 4,000 அடி உயரத்திலே அது சுமார் 890 சென்ரிமீற்றர் நீரையே தாங்கும். ஆகவே மலையேறியதனாலேயே இயந்திரம் 140 சென்ரிமீற்றருக்கு மேல் இழந்துவிடுகிறது. போதிய பரப்புள்ள சுத்தமான கடதாசி வடிகட்டி எடுப்பதோ சில சென்ரிமீற்றரே. கடதாசியை நீக்கி, எண்ணெய் தடவிய பருத்தி வலையைப் போட்டாலும் அந்தச் சில சென்ரிமீற்றரில் ஒரு பகுதிதான் மிச்சமாகும். ஆனால் தூசி அடைத்துப்போன வடிகட்டியின் கதை வேறு. டீசல் லொறிகளில் தடை 50 முதல் 60 சென்ரிமீற்றரை எட்டும்போது வடிகட்டியை மாற்றிவிட வேண்டும் என்பது பொதுவான விதி. அந்த எல்லையையும் தாண்டி ஓட்டுகிறவர், ஏற்கெனவே மலை பறித்துக்கொண்டவனிடம் மேலும் பறிக்கிறார்.

எனவே உண்மையான வேறுபாடு, நல்ல வடிகட்டிக்கும் மிக நல்ல வடிகட்டிக்கும் இடையில் இல்லை. சுத்தமானதற்கும் அடைபட்டதற்கும் இடையிலே இருக்கிறது. 2009ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ஓக் றிட்ஜ் தேசிய ஆய்வுகூடம் வெளியிட்ட சோதனை முடிவுகளும் இதனையே காட்டின. கணினி கட்டுப்படுத்தும் புதிய கார்களிலே அடைபட்ட வடிகட்டியை மாற்றியதால் எரிபொருளில் குறிப்பிடத்தக்க மிச்சம் கிடைக்கவில்லை. ஆனால் வேகம் எடுக்கும் நேரம் நூற்றுக்கு 6 முதல் 11 பங்கு வரை திருந்தியது. காபுரேற்றர் உள்ள பழைய வண்டியிலோ, எரிபொருளே நூற்றுக்கு 2 முதல் 6 பங்கு வரை மிச்சமாயிற்று.

பழைய வண்டிக்கு மட்டும் இந்தத் தண்டனை ஏன்? புதிய வண்டியிலே உள்ளே வரும் காற்றின் அளவை ஒரு கருவி அறிந்து, அதற்கேற்ற பெற்றோலை அளந்து கொடுக்கிறது. காபுரேற்றருக்கோ அந்த அறிவில்லை. காற்று மெலிந்தாலும் அது பெற்றோலைத் தாராளமாகவே விடும். 4,000 அடி உயரத்திலே காற்றின் அடர்த்தி நூற்றுக்கு 11 பங்கு குறைகிறது. கலவையோ நூற்றுக்கு 6 பங்கு தடித்துவிடுகிறது. கொழும்பிலே செம்மையாக ஓடிய வண்டி அப்புத்தளையைத் தாண்டியதும் கரும்புகை கக்குவதும், தீப்பொறிச் செருகி கரி பிடிப்பதும் இதனாலேயே. வடிகட்டியும் அடைபட்டிருந்தால், பல காபுரேற்றர்களிலே கலவை இன்னும் தடிக்கும். நமது மலைநாட்டுப் பாஸ்மார் சிறிய ஜெற் ஒன்றை மாற்றிப் போட்டு இந்நோய்க்கு மருந்து செய்வர். கெட்டிக்காரப் பாஸ் ஜெற்றைத் தொடுமுன் வடிகட்டியைக் கழற்றிப் பார்ப்பார்.

இனி, எந்த வடிகட்டியை எங்கே தெரிந்தெடுப்பது என்ற கேள்விக்கு ஊவாவின் அண்டையிலேயே இரண்டு நல்ல உதாரணங்கள் உண்டு. நுவரெலியாவிலே 1934ஆம் ஆண்டு தொடங்கிய மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி ஒன்று. ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம். தார் போட்ட பாதை. ஒரு சில நிமிடத்திற்குள் முடியும் ஓட்டம். கடலோரக் காற்றின் அடர்த்தியில் நூற்றுக்கு 83 பங்கே அங்கே கிடைக்கும். தூசி சிறிது, மூச்சுப் பஞ்சம் பெரிது. அங்கே திறந்த, தடை குறைந்த வடிகட்டியைத் தெரிவு செய்வதில் நியாயம் உண்டு. மற்றது, பூனாகலைக்கு அதிக தூரமில்லாத தியத்தலாவையிலே, 1990களில் ஆரம்பித்த பொக்ஸ்ஹில் ஓட்டம். அது மண்பாதை. முன்னே செல்லும் வண்டி கிளப்பும் புழுதியைப் பின்னே வரும் வண்டி முழுவதும் விழுங்க வேண்டும். அங்கே திறந்த வாயோடு ஓடுகிறவன், வெற்றிக் கிண்ணத்தோடு தேய்ந்த சிலிண்டரையும் வீட்டுக்குக் கொண்டுபோவான். ஒரே மலைநாடு, ஒரே வகை வண்டி. ஆயினும் பாதை மாறியதும் விடையும் மாறிவிடுகிறது.

தோட்டத்து லொறியின் விடை இரண்டாவது உதாரணத்தைச் சேர்ந்தது. அது தினந்தோறும் மண்பாதையில் ஓடுகிறது. கிண்ணத்திற்காக அன்று, கொழுந்திற்காக. கொழுந்து மாத்திரமா? 1893ஆம் ஆண்டில் இரயில் அப்புத்தளைக்கும், 1894ஆம் ஆண்டில் பண்டாரவளைக்கும், 1924ஆம் ஆண்டில் பதுளைக்கும் வந்து சேர்ந்தது. ஆயினும் நிலையத்திற்கும் லயத்திற்கும் இடையிலுள்ள மலையை இரயில் ஏறவில்லை. அரிசியும் மாவும் அந்த லொறியிலேயே வந்தன. பிள்ளைப்பேற்றுக்கு வைத்தியசாலை செல்ல வேண்டிய தாயும் பல வேளைகளில் அதிலேயே ஏற்றப்பட்டாள். நடுமலையிலே வலுவிழந்து நின்றுவிட்ட லொறி, நேரத்தை மட்டும் விழுங்கியதில்லை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடியதை இப்பகுதி மறக்கவில்லை. மலை மனிதனைக் கைவிடும் நாளிலே வண்டியாவது கைவிடாமல் இருக்க வேண்டும்.

வண்டியைக் காப்பது எப்போதும் எளிதாக இருந்ததில்லை. 1960களிலே அந்நியச் செலாவணி அருகி, இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. 1977ஆம் ஆண்டு வரை உதிரிப்பொருள் பெறுவது பெருந் தவமாக இருந்தது. அக்காலத்திலேதான் எண்ணெய்த் தொட்டி வடிகட்டியின் அருமை தெரிந்தது. கடதாசி வடிகட்டி உடையவர்கள் அதைக் கல்லிலே தட்டியும், பெற்றோலில் கழுவியும் மீண்டும் மீண்டும் பாவித்தனர். இரண்டும் தவறு. தட்டும்போது மடிப்பிலே கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். கழுவும்போது கடதாசி இளகும். கீறல் விழுந்த வடிகட்டி, உறங்கும் காவற்காரனுக்கு ஒப்பாகும். வேறு வழியில்லாதபோது உட்புறத்திலிருந்து வெளிப்புறம் நோக்கி மென்மையாகக் காற்றடிக்கலாம். வெளியிலிருந்து அடித்தால் தூசி உள்ளே ஏறும். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. அந்த இடைக்காலத்திலே பழைய வண்டிகளின் மதிப்பையும், அவற்றைப் பேணும் கைகளின் மதிப்பையும் நாடு இரண்டாம் முறை கற்றுக்கொண்டது.

பழைய வண்டியைப் பொக்கிஷமாகப் போற்றுகிறவர்களுக்கு இந்த வரலாறு சொல்லும் புத்தி இதுதான். முதலாவது, இயந்திரத்தின் மூச்சுக்குப் போதிய பரப்புள்ள வடிகட்டியைத் தெரிவு செய்க. பெரு இயந்திரத்திற்குச் சிறு வடிகட்டி, அழகிய பளபளப்போடு இருந்தாலும் ஆகாது. இரண்டாவது, அது வெளியிலுள்ள குளிர்காற்றை எடுக்கும்படி செய்க. மூன்றாவது, மண்பாதையில் கடதாசியையாவது எண்ணெய்த் தொட்டியையாவது நம்புக. தார்ப்பாதையில் விழா நாளில் மட்டும் ஓடும் வண்டிக்குப் பருத்தி வலை போதும். அதற்கும் அளவோடு எண்ணெய் தடவுக. நான்காவது, எல்லாவற்றிலும் மேலாக, அதைக் கழற்றிப் பார்க்கும் பழக்கத்தைக் கைக்கொள்க. ஆடிக்காற்று வீசும் மாதங்களிலே மழைமாதத்துத் தவணை செல்லாது.

நேயர்களே, முடிக்குமுன் ஒரு வார்த்தை. கொழுந்து லொறி ஏறிச்சென்று நிற்கும் இடம் தேயிலை ஸ்டோர். அங்கே வறண்ட தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும் அறையிலே மென்மையான தேயிலைப் பஞ்சு காற்றிலே மிதந்துகொண்டேயிருக்கும். அங்கே நிற்கும் பெண்கள் முந்தானையையோ துணித்துண்டையோ மூக்கிலே கட்டிக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்தவர்கள் பலர். வெளியிலே நிற்கும் லொறியின் இயந்திரத்திற்கு இன்ன பருமனுள்ள துகள் நுழையலாகாது என்று அளந்து வடிகட்டி செய்திருக்கிறார்கள். எத்தனை மணி நேரத்திற்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று புத்தகமும் அச்சிட்டிருக்கிறார்கள். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து புதிய பிஸ்டன் போடலாம். தேய்ந்த நுரையீரலுக்கு அப்படியொரு கராஜ் இல்லை.

இயந்திரத்தின் மூச்சைப் பற்றி மனிதன் நூறு ஆண்டுகளாகக் கற்றுக்கொண்ட பாடம், அந்தச் சலிப்பறையின் வாசலிலே நின்றுவிடலாகாது. லொறிக்குப் புதிய வடிகட்டி வாங்கச் சீட்டு எழுதும் கை, அதே சீட்டிலே அந்தப் பெண்களுக்கு நல்ல முகக்கவசமும், அந்த அறைக்குத் தூசியிழுக்கும் விசிறியும் எழுதுமானால், ஊவாக் காற்றின் மணம் இன்னும் தூயதாக இருக்கும்.